ஒரே மாதிரி படங்கள்

செண்பகவல்லியின் ஞாபகத்தில் இடம் தீர்ந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து அம்மா கண்ணயர்ந்ததும், மூத்த மகள் கயல்விழி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, காதுப்பக்கக் கம்பியிலிருந்த மூடியைத் திறந்து, கார்டை வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத கார்டு. செல்போனில் செருகியதும் வழக்கமான சிவப்பு வரி வந்தது: ‘இடம் இல்லை. எதை நீக்கலாம்?’

கோவில்பட்டியில் மற்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவை ஒதுக்குவார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், இல்லையென்றால் நிம்மதியாகக் குறட்டை விடுவார்கள். கயல்விழிக்குக் கொடுத்துவைத்தது அம்மாவின் மண்டையை ஒதுக்குகிற வேலை.

மூளைக்காய்ச்சலில் பிழைத்து எழுந்ததிலிருந்து அம்மாவுக்குப் பழசெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கிறது. புதுசு எதுவும் ஒரு தூக்கத்தைத் தாண்டுவதில்லை. அதற்குத்தான் இந்தக் கண்ணாடி. மூக்கு மேல் உட்காருகிற இடத்தில் பொட்டளவு கேமரா. பகலெல்லாம் அம்மா பார்ப்பதையும் கேட்பதையும் அது கார்டில் ஏற்றும். ராத்திரி தலையணைக்குள் இருக்கிற பட்டை, கார்டில் உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை மூளைக்கு ஊட்டும். காலையில் எழுந்திருக்கும்போது கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அம்மாவுக்கு நடந்தது. இல்லாதது நடக்கவே இல்லை.

கார்டைப் பராமரிக்க வீட்டில் ஒருவருக்குத்தான் உரிமை. அவரும் படங்களைத் தபால்தலை அளவில்தான் பார்க்கலாம். ஓட்டிப் பார்க்க முடியாது, சத்தம் வராது. பிறத்தியார் ஞாபகத்தில் காது வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தார்கள். வைத்துக்கொள்ளலாம், நீக்கலாம், அவ்வளவுதான்.

‘ஒரே மாதிரி படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நீக்கலாமா?’ என்றது செல்போன்.

இதுநாள்வரை அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று தொட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடியவள்தான் கயல்விழி. இன்றைக்கு விரல் அங்கேயே நின்றது. காரணம் காலையில் நடந்த ஒரு பேச்சு.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். அம்மா வாயெல்லாம் பல்லாக, “எங்க யாழினி தை மாசம் வந்தால்லா! நீலச் சேலை கட்டியிருந்தா. வாசல்லயே என் காலப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு அழுகை. அவ மக இனியா இருக்காளே, மூக்கும் முழியும் அப்படியே எங்க வீட்டுக்காரரு” என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

“பெரியவ நல்லாக் கவனிச்சுக்கிடுதாளா?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“கயலா? இருக்கா. எப்பவாச்சும் காப்பி தருவா.”

எப்பவாச்சுமாம்! அடுப்படியில் நின்றிருந்த கயல்விழிக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது. தபாலாபீஸ் வேலையை விட்டுவிட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, கால் அமுக்கி, படுக்கை மாற்றி, இவள் நாளெல்லாம் நாயாய் அலைகிறாள். ஒரே ஒரு நாள் வந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனவள் நெஞ்செல்லாம் நிறைந்திருக்கிறாள். அந்த யாழினி யார்? இவளுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த வாரத்தில் மைக்செட்காரர் மகனோடு ஓசூருக்கு ஓடிப்போன தங்கச்சி. அந்த மாப்பிள்ளை வீடு வரவேயில்லை. அப்புறம் வேறு வீடும் வரவில்லை. “அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்று அம்மா சொன்னது எத்தனையோ வருஷம் அப்படியே நின்றது. போன தையில்தான் அந்தக் கோபம் கரைந்தது. அதுவும் எப்படி? கயல்விழி விருந்துக்கு வாழை இலை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புகிற நேரத்துக்குள்! வந்து பார்த்தால் அம்மா பேத்திக்கு ரெட்டைச்சடை பின்னிக்கொண்டிருக்கிறாள், யாழினி சிவந்த கண்ணும் விடைத்த மூக்குமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.

இப்போது செல்போனில், நீக்குவதற்காக வரிசை கட்டி நின்ற படங்களைப் பார்த்தாள். ஒரு கை, ஒரு தம்ளர். ஒரு கை, ஒரு தம்ளர். ஒரு முதுகு, அடுப்பு. ஒரு முந்தானை. ஒரு கை, ஒரு தம்ளர். எல்லாம் அவள்தான். வாராவாரம் தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக் குப்பையில் கொட்டியிருக்கிறாள்.

* * *

மெயின் ரோட்டில் கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் கண்ணாடி சர்வீஸ் சென்டர். அங்கிருந்த எபநேசர் சிரித்த முகக்காரன், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த நாள் அவன் மேஜையில் கண்ணாடியைக் கிட்டத்தட்ட எறிந்தாள் கயல்விழி.

“இதுல நான் ஏன் இல்ல?”

அவன் கார்டைப் போட்டுப் பார்த்தான். “இருக்கீங்கக்கா. ரொம்ப இருக்கீங்க. அதான் சிக்கலே.”

“வெளங்குற மாதிரிச் சொல்லு.”

“தெனமும் அதே அடுப்படி, அதே நைட்டி, அதே தம்ளர். கண்ணாடிக்கு அது எல்லாமே ஒரே படம். கல்யாண வீட்டு போட்டோகிராபர் ஒரே போஸ அஞ்சு தடவ எடுத்துட்டு நாலக் கழிப்பாருல்லா, அது மாதிரி. ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்தக் கழிக்கச் சொல்லும். நீங்களும் சரின்னு சொல்லியிருக்கீங்க.”

“அவ வந்த நாளு மட்டும்?”

எபநேசர் ஒரு படத்தைக் காட்டினான். கார்டில் கால்வாசியை அது ஒன்றே அடைத்துக்கொண்டு கிடந்தது. “அன்னைக்கு எல்லாமே புதுசுக்கா. புது முகம், புதுப் பிள்ள, அழுகை, சிரிப்பு. ஒரு நிமிசம் இருந்த மாதிரி இன்னொரு நிமிசம் இல்ல. கழிக்க ஒண்ணுமே கெடைக்கல.”

“வருசம் முழுக்க ஆக்கிப் போட்டவளுக்கு ஒரு தம்ளர். ஒரு நா வந்து அழுதவளுக்குக் கால் கார்டு. நல்லா இருக்குடா உங்க நியாயம்! பெரிய கார்டாப் போட்டுக் குடு.”

“கார்டு எவ்வளவு பெருசும் போடலாம். ஒரு தூக்கத்துல மூளை வாங்குறது இவ்வளவுதான். அதுக்கு மேல ஊட்டுனா மறுபடி காய்ச்சல்ல கொண்டுபோய் விடும். வேணும்னா உங்க படத்த அமுக்கிப் பிடிங்க, பூட்டு விழும், அப்புறம் அழியாது. ஆனா அது உக்கார வேற ஒண்ணு எந்திரிக்கணும்.” அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சமாதானமாக ஒன்று சொன்னான். “இல்லன்னா தெனமும் கொஞ்சம் வித்தியாசமா இருந்து பாருங்களேன்.”

விளையாட்டுக்குச் சொன்னது அது. கயல்விழிக்கு விளையாட்டெல்லாம் எந்தக் காலத்தில் தெரிந்தது?

செவ்வாய்க்கிழமை காலையில் அரக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காப்பி கொண்டுபோனாள். அம்மா மேலும் கீழும் பார்த்து, “யாரு வீட்டுல கல்யாணம்?” என்றாள். புதன்கிழமை இட்லிக்குப் பதில் நூடுல்ஸில் வெண்டைக்காயை அரிந்து போட்டாள். அம்மா அதை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். இன்னொரு நாள் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்து கால் அமுக்கினாள். பாட்டுப் பாடினாள். அது வேறு அவளுக்கு வராது. பேச்சியம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “ஏன் கயலு, உடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்று கவலையோடு விசாரித்தாள்.

வீட்டுக்குள்ளே ஒரு மனுஷி எத்தனை விதமாகத்தான் இருக்க முடியும்? கொஞ்ச நாளில் புடவையும் தீர்ந்தது, கூத்தும் தீர்ந்தது. ஒரு நாள் ரசத்தில் உப்பில்லை என்று அம்மா முகம் சுளிக்க, இவள் கரண்டியை வீசி எறிந்து கத்தித் தீர்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அந்தச் சண்டை முழுசாக, ஒரு துளி கழியாமல், கார்டில் உட்கார்ந்திருந்தது! அப்புறம் கேட்க வேண்டுமா? துண்டு காயவில்லையென்று ஒரு சண்டை, ஃபேன் சத்தம் போடுகிறதென்று ஒரு சண்டை. எல்லாம் நிலைத்தது. அடுத்த தடவை பேச்சியம்மாள் வந்தபோது அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பெரியவ எந்நேரமும் எரிஞ்சு விழுதா. சின்னவ தங்கம். காலப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதா பாத்துக்கோ.”

அன்றைக்கு மத்தியானமே கயல்விழி கார்டை எடுத்துவிட்டாள்.

அந்தக் கால்வாசிப் படம் தபால்தலை அளவில் எதிரே இருந்தது. நீலச் சேலையில் யாழினி. சிவந்த கண், விடைத்த மூக்கு. அழுது ஜெயித்தவளின் முகமாகத்தான் அது இவளுக்குப் பட்டது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இதை எடுத்தால் என்ன குடிமுழுகிப்போகும்? அம்மாவுக்குக் கோபம் போனது போனதுதானே. மனசு இளகினது இளகினதுதானே. படம் வெறும் படம். ‘காலப் பிடிச்சா, நீலச் சேலை’ என்ற புராணம் மட்டும் ஓயும். எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

‘நிச்சயமாக நீக்கலாமா?’

“நிச்சயமா” என்று வாய்விட்டுச் சொல்லியே தொட்டாள். சண்டைகளையும் சேர்த்து அழித்தாள். கார்டு காலி மனை மாதிரிக் கிடந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கயல்விழியின் நல்ல காலம். ஒரே மாதிரியா இல்லையா என்று செல்போனைக் கேட்காமல், தன் படங்களையெல்லாம் வரிசையாகப் பூட்டினாள். இடம்தான் இருக்கிறதே. அம்மா காலையில் எழுந்து, “நேத்து வச்ச சாளமீன் கொழம்பு மிச்சம் இருக்காட்டி?” என்பாள். “முந்தாநாளும் நீதான கால் அமுக்குன. கை வலிக்காதா ஒனக்கு?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். கயல்விழி கொல்லைப்பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் அரக்குப் பட்டை மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்டு காப்பி கொடுத்தாள். யாழினி போனில் கூப்பிட்டால், “அம்மா தூங்குதா” என்று வைத்துவிடுவாள். எதற்கு வம்பு? கிடைத்ததைப் பங்கு வைக்க அவளுக்கு மனசில்லை.

* * *

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் யாழினி மகளோடு வந்து இறங்கினாள். கையில் அதிரசமும் அம்மாவுக்குச் சேலையும்.

அம்மா முன்கட்டில் நாற்காலியில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் கல்லாகிப்போவதைக் கயல்விழி அடுப்படி நிலையில் நின்றபடியே பார்த்தாள்.

“யாரக் கேட்டு உள்ள வார?”

யாழினி சிரித்தாள். “யம்மா, வெளையாடாத. பிள்ள பயந்துருவா.”

“வெளிய போ! உங்கக்காவுக்குப் பூ வைக்க வர இருந்தவங்கள வரவிடாமப் பண்ணிட்டு ஓடுனவதான நீ? இந்தா நிக்காளே, இவ கழுத்துல ஒரு மஞ்சக்கயிறு ஏறாமப் போனது யாரால? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் வாசப்படிய மிதிக்க?”

எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய கோபம், நேற்று நடந்தது போலச் சூடு ஆறாமல் வந்தது. யாழினியின் கையிலிருந்த பை நழுவியது.

“ஆச்சி, நாந்தான் இனியா” என்றது குழந்தை. “எனக்கு ரெட்டச்சடை போட்டு விட்டீங்கல்லா?”

அம்மா குழந்தையை முன்பின் பார்த்திராதவள் போல உற்றுப் பார்த்தாள். “இது யாரு பிள்ள?” என்று கயல்விழியைக் கேட்டாள்.

அப்போதுதான் கயல்விழிக்கு உறைத்தது. மன்னிப்பும் அந்தக் கார்டில்தான் இருந்திருக்கிறது. காய்ச்சலுக்கு முந்தைய கோபம் மண்டைக்குள்ளே பத்திரமாக இருக்க, காய்ச்சலுக்குப் பிந்தைய மன்னிப்பை அவள் ஒரு விரலால் துடைத்துப்போட்டிருக்கிறாள். அதோடு இன்னொன்றும் சேர்ந்து குத்தியது. குடும்ப மானம் போன கோபம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அம்மா இவளுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது இவளுக்குத் தெரியவே தெரியாது.

இனியாவைப் பேச்சியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, அம்மா படுத்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அக்காளும் தங்கச்சியும் சர்வீஸ் சென்டருக்கு நடந்தார்கள். தீபாவளிக் கூட்டத்தில் எபநேசர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“கார்டு கெட்டுப்போச்சு போல, இல்லக்கா?” என்றாள் யாழினி. மூக்கு அடைத்திருந்தது. “ஒண்ணு சொல்லட்டுமா? தையில வந்தப்ப நீ இலை வாங்கப் போனீல்லா? அப்பதான் அம்மா மனசு எறங்குச்சு. என்னால இல்ல. உன்னப் பத்தி ஒண்ணு சொல்லுச்சு. அதச் சொல்லித்தான் என்னைச் சேத்துக்கிடுச்சு.”

“என்னப் பத்தியா? அம்மாவா?”

“ஆமா. ஓசூர் போற வரைக்கும் பஸ்ல எனக்கு ஒரே எரிச்சல். நான் கால்ல விழுந்து கெடக்கேன், அது உன்னையே பேசிக்கிட்டிருக்கு. நீ இல்லாத நேரமாப் பாத்துப் பேசுது. நீ இருந்தா ஒரு நல்ல வார்த்த வராது அதுக்கு.”

கயல்விழி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “என்ன சொல்லுச்சுட்டி?”

அதற்குள் எபநேசர் கூப்பிட்டுவிட்டான்.

கார்டைப் போட்டுப் பார்த்தவன், “கார்டு நல்லாத்தான் இருக்கு. இத யாரோ கையால அழிச்சிருக்காங்க” என்றான். சொன்ன பிறகுதான் கயல்விழியின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“திரும்ப எடுக்க முடியாதா?” என்றாள் யாழினி.

“அழிக்கதுன்னா அழியுறதில்லக்கா. இந்த வீடு காலின்னு போர்டு மாட்டுறது மட்டுந்தான். புதுசா யாரும் குடிவரலேன்னா பழசு உள்ள அப்படியே இருக்கும். அன்னைக்கே கண்ணாடியக் கழட்டி வச்சிருந்தா எடுத்துருக்கலாம். இதுல ஆளு குடிவந்தாச்சே.” அவன் விசையைத் தட்டினான். “மிச்சம் மீதி இவ்வளவுதான்.”

திரையில் ஒரு படம் வந்தது. மேல் பாதியில் யாழினியின் நெற்றியும் சிவந்த கண்ணும். கீழ்ப் பாதியில் ஒரு சேலை மடிப்பு, நீட்டிய கை, தம்ளர். அரக்குப் பட்டு. அந்தச் சேலை யாருடையதென்று யாழினிக்கு நன்றாகத் தெரியும். கார்டைத் தொட உரிமை யாருக்கென்றும் தெரியும்.

மெதுவாகத் திரும்பினாள். “நீயா?”

“நாந்தான்” என்றாள் கயல்விழி. “பொறுக்க முடியல. எப்பப் பாத்தாலும் உன் பேச்சே. நான் இருக்கதே தெரியல அதுக்கு.”

யாழினி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“அம்மா சொன்னத நீ கேக்கல. இப்ப அம்மாவுக்கும் தெரியாது. அது எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு.” படியிறங்கப் போனவள் நின்று சொன்னாள். “சாவுற வரைக்கும் உனக்குச் சொல்ல மாட்டேன்.”

* * *

மறுநாளிலிருந்து கயல்விழிக்கு ஒரே வேலை. முதலில் வாசலில் நடந்த அந்த ஏச்சை அழித்தாள். பிறகு தினமும் அம்மாவின் காலை அமுக்கிக்கொண்டே, “யாழினியக் கூப்பிடலாமா?” என்று ஆரம்பிப்பாள்.

“அந்தப் பேச்ச எடுக்காத. உன் வாழ்க்கையக் கெடுத்தவ.”

“கெட்டது என் வாழ்க்கதான? நானே மன்னிச்சிட்டேன். உனக்கென்ன?”

பொய்தான். உண்மையைக் கேட்டால் மனசில் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. அம்மா தன்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை எப்படியாவது மறுபடி வெளியே வரவேண்டும், அதற்கு யாழினி வந்தாக வேண்டும் என்கிற சுயநலம்தான் பாதிக்கு மேல். ஆனாலும் தினம் தினம் சொல்லி, பொய் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

இந்தப் பேச்சும் தினமும் ஒரே மாதிரிதானே? கண்ணாடி கழிக்கப் பார்த்தது. விடாமல் பூட்டினாள். இடம் நிறைந்தது. இடம் வேண்டுமே என்று சாளைக்குழம்பை எடுத்தாள். ‘கை வலிக்காதா ஒனக்கு’ என்று அம்மா கேட்ட நாளையும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்தாள். யாழினியின் சின்ன வயசு போட்டோ காட்டிய நாள், இனியா போனில் பாடிய நாள், யாழினிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த கதை சொன்ன நாள் என்று ஒவ்வொன்றாகக் கார்டில் ஏற்றினாள். தன் கையாலேயே அம்மாவின் மண்டை நிறைய யாழினியை நிரப்பினாள். எங்கே போய் முட்டிக்கொள்ள?

மார்கழி முடிகிற சமயத்தில் ஒரு காலை அம்மா தானாகவே, “அந்தப் பிள்ளைக்கு ஆபரேசன் பண்ண வயிறு ஆறிருச்சா?” என்று கேட்டாள். கயல்விழி போனை எடுத்தாள். “அம்மா கேக்குது. பொங்கலுக்கு வா” என்றாள். “அம்மாவுக்காகத்தான் வாரேன், உனக்காக இல்ல” என்றாள் யாழினி.

பொங்கலுக்கு மறுநாள் வந்தார்கள். யாழினி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். கயல்விழி அடுப்படி நிலைக்கு வந்து நின்றாள்.

“வெயில்ல ஏன் பிள்ளைய நிப்பாட்டி வச்சிருக்க?” என்றாள் அம்மா. “உள்ள வா.” பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “கயலு, போய் இலை வாங்கிட்டு வா.”

இலை காலையிலேயே வாங்கியாயிற்று. கழுவித் துடைத்த கட்டு, அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி, அடுப்படி மேடையில்தான் கிடந்தது. கயல்விழி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, தெருவில் இறங்கினாள்.

பக்கத்துக் கடையை விட்டு மார்க்கெட்டுக்கே போனாள். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கிழிசல் இல்லாததைக்கூட வேண்டாமென்று தள்ளினாள். “என்ன டீச்சர், பொண்ணு பாக்க வந்த மாதிரிப் பாக்கீங்க?” என்று கடைக்காரர் கேலி செய்தார். டீச்சர் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வரும் வழியில் இரண்டு தெரு சுற்றி வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா இனியாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். யாழினி சுவரில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள்.

போன தையிலும் இதே முகம்தான். அழுகை என்றும் ஜெயித்த திமிர் என்றும் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இப்போது பார்த்த உடனே தெரிந்துவிட்டது. முகம் கழுவும்போதெல்லாம் கண்ணாடியில் இவள் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம்தானே அது! அசல் வயிற்றெரிச்சல்.

“சொல்லுச்சா?” என்று பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தாள்.

“சொல்லுச்சு. அதேதான். ஒரு எழுத்து மாறல.”

“எனக்குச் சொல்லேன்ட்டி.”

“மாட்டேன்.” யாழினி இலைக்கட்டை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். “உனக்கு எல்லாம் இருக்கு. இதாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்.” இலை கழுவக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கையை நீட்டினாள். “கயலு, காப்பி.” கயல்விழி ஆற்றிக் கொண்டுவந்து அந்தக் கையில் தம்ளரை வைத்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கண்ணயர்ந்ததும், கார்டை எடுத்தாள். பொங்கல் மறுநாள் படத்தை அமுக்கிப் பிடித்தாள். பூட்டு விழுந்தது. மறுபடி ஒரு தடவை அமுக்கி, விழுந்ததுதானா என்று பார்த்துக்கொண்டாள்.

‘ஒரே மாதிரி படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நீக்கலாமா?’

ஒரு கை, ஒரு தம்ளர். ஒரு கை, ஒரு தம்ளர். ‘ஆம்’ என்று தொட்டாள்.

பிறகு பூட்டிய படத்துக்கே திரும்பி வந்தாள். சத்தம் கேட்காது, ஓட்டிப் பார்க்க முடியாது. சட்டம் விடுகிற மட்டும் பெரிதாக்கினாள். அம்மா என்ன சொன்னாள் என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. சொல்லும்போது அம்மாவின் கண் எதிரே இருந்த முகம் மட்டும் தபால்தலையில் எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் அந்த எரிச்சலை ஆசை தீரப் பார்த்துவிட்டு, கார்டைக் கண்ணாடியில் செருகி, அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள்.